பின்னுக்குத் தள்ளிய மணி

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. அந்தக் கப்பலில் வாட்ஸப் எல்லாம் திறக்காது. சாப்பாட்டு அறையில் ஒரு பொதுக் கணினி இருக்கும், அதில் மின்னஞ்சல் மட்டும் பார்க்கலாம். கண்டவர் நின்றவர் எல்லாம் தட்டுகிற கணினி என்பதால், கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டும் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். குறுஞ்செய்தியில் எண் வருகிற வழி சரிவராது. நடுக்கடலில் சிக்னலுக்கு எங்கே போவது? அதனால் அவர் புறப்படுவதற்கு முன், கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில் வைத்தே, எண்ணைத் தானாகக் காட்டும் செயலி ஒன்றை அவருடைய கைபேசியில் ஏற்றினோம். எனக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளையின் முதல் படத்தை அவர் அந்த மின்னஞ்சலில்தான் பார்க்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் நான் இல்லை. சிம்மைக் கழற்றச் சொன்னேன். வைஃபையை நிறுத்தச் சொன்னேன். அதுவும் போதாமல் கைபேசியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் வைத்து மூடினேன். வெளியே எடுத்தபோது புது எண் ஒன்று நின்றது. அதை மடிக்கணினியில் தட்டினேன், மின்னஞ்சல் திறந்துகொண்டது. மூக்கில் விரலை வைத்தேன்.

"ஒருத்தரோடயும் கதைக்காம இதுக்கு எப்பிடித் தெரியுது?"

"முதல்லயே போன், மெயில் ரெண்டு பக்கமும் ஒரு ரகசியத்தைப் பேசி வச்சாச்சு. பிறகு ரெண்டும் மணியைப் பாத்துக் கணக்குப் போடுதுகள்," என்றார், தானே கண்டுபிடித்தவர் போல.

எங்கள் வீட்டில் புதுமை, அதாவது அற்புதம், என்றால் புனித அந்தோனியார் செய்வதுதான். அன்று அவருக்குப் பக்கத்தில் இதற்கும் கொஞ்சம் இடம் கொடுத்தேன்.

மகள் பிறந்தாள். கம்பனி மூலம் அவருக்குச் செய்தி போனது. நான் படம் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு சாப்பாட்டு அறையில் இருந்த கப்பல் தொலைபேசியில் அழைத்தார்.

"எத்தின தரம் அடிச்சாலும் எண் பிழை எண்டுது. என்ர பிள்ளையை எனக்குப் பாக்க ஏலாம இருக்கு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"இப்பதான் காலைச் சாப்பாடு."

ஆஸ்பத்திரியில் மத்தியானச் சாப்பாடே முடிந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"உங்கட போன்ல இப்ப எத்தின மணி?"

"ஏழரை. கப்பல்ல மணியைப் பின்னுக்கு வைக்கேக்க எல்லாம் நானும் கையால பின்னுக்கு வச்சிட்டு வந்தனான்."

"அதுதான் பிழை! எங்கட நேரத்துக்கு வையுங்க. ஒரு மணி. நான் சொல்லேக்க அமத்துங்க."

என் கைபேசியையே பார்த்திருந்து, ஒரு மணி பிறந்த கணத்தில் "இப்ப!" என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரி திடுக்கிட்டாள். மகள் விழித்து வீரிட்டாள்.

அந்தப் பக்கம் விசைகள் தட்டுப்படும் சத்தம்.

"அவதானா அழுறா?" என்றார் மெதுவாக. "படத்தில கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருக்கிறா."

அவ்வளவு பெரிய கடலுக்கு நடுவில், எங்கள் மணியோடு மணி சேர்ந்ததும் அவருக்குப் பிள்ளை தெரிந்தாள். இன்றுவரை எனக்கு அந்த வியப்புத் தீரவில்லை.

அதற்குப் பிறகு கைபேசி மணியை அவர் தொடவேயில்லை. கப்பல் சுவரில் எந்த நேரம் ஓடினாலும் அவருடைய சட்டைப்பையில் கொழும்பு நேரம் ஓடியது. ஒருநாள் ஒரேயொரு வரி வந்தது: "இப்ப பத்து மணி, பிள்ளை குளிச்சு முடிஞ்சிருப்பா."

அதை வாசிக்கும்போது என் மடியில் அவள் ஈரத் தலையோடு கிடந்தாள்.