மசாலா மில் மாடியில் பத்துப் பேர்

போன வாரம் பத்து காவான் என்னும் ஊரில் ஒரு பெரிய கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கூடையிலிருந்து ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட் நழுவித் தரையில் விழுந்து வெடித்தது. கல்லாவில் இருந்த பெண் தும்மினாள். பின்னால் நின்ற சீனப் பெரியவர் தும்மினார். நானும் தும்மினேன். தும்மிய கையோடு என் வாய் என்னைக் கேட்காமலே, "தொடருங்கள்" என்று உரக்கச் சொல்லிவிட்டது.

கல்லாவில் இருந்தது தமிழ்ப்பிள்ளை. "என்ன அங்கிள்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, பழக்கம்" என்றேன். அவள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை. உங்களிடமாவது விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு சந்தில் ஹமீது பாயின் மசாலா மில் இருந்தது. அதன் மாடி அறையில்தான் எங்கள் இளந்தளிர் எழுத்தாளர் வட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடும். பெயர் வைத்த காலத்தில் எல்லாரும் இளந்தளிர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். நான் செயலாளர் ஆன சமயத்தில் வட்டத்திலேயே இளையவன் நான்தான். எனக்கு வயது நாற்பத்து மூன்று.

ஞாயிறுதான் பாய்க்கு நல்ல வியாபாரம். கீழே இயந்திரம் ஓடும். மேலே நாங்கள் கதை படிப்போம். பலகைத் தரையின் இடுக்கு வழியாக மிளகாய் நெடி ஏறிவரும். யாராவது தும்முவார்கள், பிறகு எல்லாரும் தும்முவார்கள், படிக்கிறவர் நிறுத்துவார். அடங்கியதும் தலைவர் கிருஷ்ணசாமி அண்ணன் கையை உயர்த்தி, "தொடருங்கள்" என்பார். ஒரு கதைக்கு நாலைந்து 'தொடருங்கள்' விழும். சோகக் கதை கொண்டுவருகிறவர்கள் மேலே ஏறுமுன், "பாய், இன்னைக்கு மிளகாயா, மல்லியா?" என்று விசாரித்துக்கொள்வது உண்டு. மிளகாய் என்றால் கேட்பவர் கண்களெல்லாம் கலங்கும், வெற்றி நிச்சயம். மல்லி என்றால் கதையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். நான் அப்படிச் செய்ததில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

அந்த வாசனை துணியோடு வீட்டுக்கும் வரும். என் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரோ மஞ்சள்ல படிச்சிருக்காங்க" என்பாள். அவளுக்கு இலக்கியத்தோடு இருந்த ஒரே தொடர்பு அதுதான். என் எழுத்தை அவள் படித்ததில்லை. துவைத்திருக்கிறாள்.

வட்டத்தில் ஒரு விதி உண்டு. கதையைப் படித்து முடித்தவர் அதற்குப்பிறகு வாய் திறக்கக் கூடாது. அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் கதையைப் பற்றிப் பேசியாக வேண்டும்; எழுதியவர் தின்னக் கொடுத்த கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். "நான் என்ன நெனச்சு எழுதினேன்னா..." என்று யாராவது ஆரம்பித்தால் கிருஷ்ணசாமி அண்ணன் மேசையைத் தட்டுவார். அவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேசை தட்டுவதில் அவருக்கு நல்ல அனுபவம்.

பேசுகிறவர்களில் நாங்கள் பயந்தது லூர்து அக்காவுக்கு. புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, சின்னச் சின்னத் தகடுகளில் பழுது தேடுவது அவருக்கு வேலை. ஞாயிறு காலை பூசை முடித்து, பஸ் பிடித்து, ஃபெரி ஏறி வந்து, எங்கள் கதைகளிலும் அதே வேலையைப் பார்ப்பார். ஒருமுறை என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, மூணாவது பக்கத்துல அவன் மனைவிக்குக் காய்ச்சல். அஞ்சாவது பக்கத்துல அவ துணி காயப் போடறா. நடுவுல யாருலா மருந்து குடுத்தது?" என்றார். எனக்கு அன்று கறிபாப் இறங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் ஒழுங்காக எழுதக் கற்றேன், எழுதினேன் என்று சொல்லும் அளவுக்கு எழுதியிருந்தால்.

அறை நிறைந்து படிக்கட்டிலும் ஆள் உட்கார்ந்திருந்த வட்டம் அது. பிறகு தேய ஆரம்பித்தது. சிலர் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போனார்கள், சிலர் இன்னும் தூரம் போனார்கள், மீதிப் பேருக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எல்லாரும் இருந்தார்கள். கூட்டம் என்று செய்தி போட்டால் நாற்பது கட்டைவிரல்கள் உயரும். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வருவார்கள்.

ஒரு நாள் பாய் என்னைக் கீழேயே நிறுத்தினார். "தம்பி, மூட்டை வைக்க எடமில்ல. மாடி சும்மாதானே கெடக்கு?"

"சும்மா இல்ல பாய், கூட்டம் நடக்குதே."

"அஞ்சு பேரு உக்காந்து பேசறது கூட்டமா? எங்க வீட்ல சாப்பிட உக்காந்தாலே அதவிட அதிகம். பத்துப் பேராச்சும் வாங்க. மூணு மாசம் பாக்கறேன். இல்லன்னா மூட்டை ஏத்திருவேன்."

வாடகையில்லாமல் அத்தனை வருடம் அறை கொடுத்தவர். அவரிடம் என்ன வாதாடுவது? வேறு இடத்துக்கு எங்களுக்கு வழியில்லை. அந்த மாடி போனால் வட்டமும் போய்விடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பேரைச் சேர்ப்பது செயலாளரான என் தலையில் விழுந்தது. தலை இருக்கிறது என்று நம்பி நானும் ஏற்றுக்கொண்டேன்.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். கேட்க வா என்றால் வராத தமிழன், பேச வா என்றால் வருவான். ஆகவே ஆளுக்கு ஓர் உரை. வரவேற்புரை, தொடக்கவுரை, தலைமையுரை, அறிமுகவுரை, சிறப்புரை, வாழ்த்துரை நான்கு, கருத்துரை, நிறைவுரை, நன்றியுரை. பெயர் போட்டு அழைப்பிதழ் அச்சடித்தேன். முதல் மாதம் பதின்மூன்று பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேர் மேடையில், அதாவது மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் லூர்து அக்கா மட்டும், கைப்பையில் ஒரு கதையோடு. பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்து, "பெருந்திரளாகக் கூடியிருக்கும் இலக்கிய நெஞ்சங்களே" என்று விளித்தார்கள். அவரும் பெருந்திரளாகத் தலையாட்டினார்.

ஐந்தரை மணிக்கு, "என் கதை எப்ப தம்பி?" என்றார்.

"அடுத்த மாசம்க்கா. வாழ்த்துரை கொஞ்சம் நீண்டுபோச்சு."

"யாரை வாழ்த்துனாங்க?"

எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் மாதம் எங்கள் ஆட்கள் விவரமாகிவிட்டார்கள். தன் உரை எத்தனை மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, அந்த நேரத்துக்கு வந்து, பேசி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பல் மருத்துவரிடம் போய் வருகிற மாதிரி. அன்றும் கதைக்கு நேரமில்லை. அக்கா தாள்களைப் பைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் மாடிக்கு வந்து ஆள் எண்ணுகிறவர் இல்லை. படிக்கட்டின் அடியில் கழற்றிப்போட்ட செருப்புகளை எண்ணுவார். "தம்பி, மூணு மணிக்கு ஒம்பது ஜோடி. நாலு மணிக்கு நாலு ஜோடி. எதை நான் எடுத்துக்கறது?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். இதைக் கிருஷ்ணசாமி அண்ணனிடம் சொன்னதுதான் நான் செய்த தவறு. "ஓகோ, செருப்பையா எண்ணுறாரு?" என்றார் அவர்.

மூன்றாம் மாதம் உரைகளை ரத்து செய்துவிட்டேன், அக்காவுக்காக. விளைவு தெரிந்ததுதான்: வந்தது நான்கு பேர். கிருஷ்ணசாமி அண்ணன், லூர்து அக்கா, நிபோங் திபாலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு கவிஞர், நான். மத்தியானத்திலிருந்து நல்ல மழை. நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது, கிருஷ்ணசாமி அண்ணன் படியடியில் குந்தி உட்கார்ந்து, ஒரு சாக்குப் பையிலிருந்து செருப்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த பழையவை எல்லாம். மருமகளின் குதிகால் செருப்பு, பேரனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்து உட்பட ஏழு ஜோடி. ஒரு ஜோடியைக் கொஞ்சம் கோணலாக வைத்தார். ஒன்றைக் குப்புறக் கவிழ்த்தார்.

"அண்ணே, என்னண்ணே இது?"

"யதார்த்தம் வேணும்ல தம்பி."

மாடியில் அக்கா படிக்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் பையில் கிடந்த கதை. தொழிற்சாலையில் அருகருகே உட்கார்ந்து பழுது பார்க்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி கவனிக்காமல் விட்ட தகட்டுக்காக மற்றவளுக்கு வேலை போகிறது. தவறு செய்தவள் வாயைத் திறக்கவில்லை. பல மாதம் கழித்து வேலை போனவளின் வீட்டுக்குப் போகிறாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பி கலக்கிக் கொடுக்கிறாள்.

இந்த இடத்தில் பாய் கதவருகே வந்து நின்றார். கையில் அந்தப் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று. கிருஷ்ணசாமி அண்ணன் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார், மறுபடி தாளுக்குத் திரும்பினார். படிக்கும்போது யாருக்காகவும் நிறுத்துவதில்லை, தும்மலைத் தவிர. பாய் பேச வாயெடுத்தார். அக்காவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்தைப் பிடித்தபடி நின்று கேட்டார். கதை முடிந்தது. வந்தவள் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள்.

வழக்கம்போல் ஒவ்வொருவராகப் பேசினோம். கவிஞர் இரண்டு வார்த்தை சொன்னார், நான் இரண்டு வார்த்தை சொன்னேன். கிருஷ்ணசாமி அண்ணன், பழக்கதோஷத்தில், பாயைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டார். பாயும் தன் முறை வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

"நான் என்ன சொல்றது..." என்று இழுத்தார். "அந்தப் பொண்ணு கடைசியில அழுதுட்டா. அழுதா மனசு லேசாயிரும்ல? அவளை லேசாக்கி வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே தங்கச்சி. கோப்பியைக் குடிச்சிட்டு, அந்தப் பாரத்தோடவே அவ எந்திரிச்சுப் போயிருக்கணும்."

அக்கா விதிப்படி பதில் பேசவில்லை. பேனாவை எடுத்துக் கடைசி நான்கு வரிகளையும் அடித்தார்.

பிறகுதான் பாய்க்குக் கையிலிருந்தது ஞாபகம் வந்தது. "வெளிய இப்படிக் கொட்டுது. நாலு ஜோடி நனைஞ்சிருக்கு, ஏழு ஜோடி காஞ்சிருக்கு. அந்த ஏழு பேரும் பறந்து வந்தாங்களா? இது யாரோடது?"

படைத்தவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதியைக் கிருஷ்ணசாமி அண்ணன் அன்று முழுமையாகக் கடைப்பிடித்தார்.

பாய் எங்கள் நாலு முகத்தையும் பார்த்தார். அக்காவின் தாளைப் பார்த்தார். "சரி, மூட்டையை நான் ஏத்தத்தான் போறேன். ஆனா சுவத்தோரமா அடுக்கிக்கறேன். நடுவுல நீங்க உக்காந்துக்கங்க. அந்தச் சிலிப்பரை எல்லாம் மொதல்ல எடுத்துட்டுப் போங்க. கஸ்டமர் ரெண்டு பேரு மாடியில கோயில் இருக்கான்னு கேட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு நான்கு வருடம் மல்லி மூட்டைகளுக்கு நடுவே கூடினோம். ஐந்து பேர், ஆறு பேர். பத்து ஒருநாளும் ஆகவில்லை. யாரும் எண்ணவும் இல்லை. வேலை குறைந்த ஞாயிறுகளில் பாய் மேலே வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார். அந்த மில்லில் தும்மாமல் கதை கேட்ட ஒரே மனிதர். ஒருமுறை என் கதைக்கு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு எதுக்கு இதைச் சொல்றீங்க?" என்றார்.

பாய் போனபின் பிள்ளைகள் மில்லை விற்றுவிட்டார்கள். அந்த வீடு இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் குளியல் தொட்டி இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். கிருஷ்ணசாமி அண்ணனும் இல்லை. லூர்து அக்கா ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அத்தனை வருடம் உற்றுப் பார்த்த கண்ணில் இப்போது பார்வை மங்கல்.

வட்டம் சாகவில்லை. ஜூமில் கூடுகிறோம். இன்னும் நான்தான் செயலாளர். நாற்பது பேருக்குக் குறைவதில்லை. வட்டம் புத்துயிர் பெற்றுவிட்டதாக எல்லாரும் பாராட்டுகிறார்கள். அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "மூஞ்சி தெரியாம யாருகிட்டலா பேசறது?" என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் நான் ஒரு கதை படித்தேன். நாற்பத்தொரு கறுப்புக் கட்டங்கள், எல்லா ஒலிவாங்கியும் அணைந்து, ஒரு செருமல்கூட இல்லை. முடித்ததும் மளமளவென்று கைதட்டும் படங்கள், பூங்கொத்துகள், 'அருமை ஐயா', 'மிக அருமை ஐயா'. படுக்கப் போகும்போதுதான் கவனித்தேன். என் கதையில் இரண்டாவது பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்ட மனிதர், ஆறாவது பக்கத்தில் வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

மறுநாள் முழுக்கக் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தேன். யாரும் கேட்கவில்லை. இன்னும் நான்கு பூங்கொத்துகள் வந்தன.