கிரைண்டருக்கு ஒரு ஜோடி செருப்பு

எங்கள் லைன் வீடுகளில் அடுப்படிக்கென்று தனியாக ரப்பர் செருப்பு உண்டு. குடிவந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்: "கிரைண்டரைத் தொடும்போது செருப்பு போட்டுக்கிடுங்கக்கா. லேசா சுள்ளுனு இருக்கும், வேற ஒண்ணுமில்ல." தண்ணீர் வரும் நாளைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். இட்லி மாவு அரைத்து விற்பது என் பிழைப்பு. நானும் செருப்பு போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோடையில் என் தங்கை தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். தவழுகிற மகனை என்னிடம் விட்டுப் போவாள். ஒருநாள் அவன் அடுப்படிக்குள் வந்து, நிலையைப் பிடித்து எழுந்து நின்றான். அடுத்த கை கிரைண்டருக்கு நீண்டது. ஈரத் தரை, வெறும் கால். பாய்ந்து தூக்கினேன். அவன் சிரித்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் முன்வீட்டில் இருக்கிறார். அவரிடம் நான் நின்று பேசியதே இல்லை. அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"அண்ணாச்சி, கிரைண்டர்ல கரண்டு அடிக்குது."

"அது கிழடு தட்டிப்போச்சு தாயி. மாத்திப் போடுங்க. எங்க வீட்ல ஒண்ணும் அடிக்கலியே."

"அவிய வீட்ல அண்ணாச்சியா மாவாட்டுதாவ?" என்று பின்னாலேயே வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள்.

திரும்பிவிடலாம் என்றிருந்தது. குழந்தை இறங்கத் துள்ளினான்.

"சுவிட்சை அணைச்சாலும் அடிக்குது அண்ணாச்சி."

அண்ணாச்சி உடனே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார்.

வந்தவர், சுவிட்சை அணைத்துவிட்டு கிரைண்டரில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. "இது கிரைண்டர் செய்யுத வேலை இல்ல. யாரும் எதையும் தொடாதீங்க" என்றவர், ஒவ்வொரு வீட்டு மெயினாக அணைக்கச் சொன்னார். எங்கள் வீடு, பக்கத்து வீடு, அதற்கடுத்தது. டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது. முன்வீட்டு மெயினை அணைத்ததும்தான் அது அணைந்தது.

பழுது அவர்கள் பிரிட்ஜில். அதன் முன்னால் கனமான ரப்பர் விரிப்பு கிடந்தது. அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார்.

"சுள்ளுனு இருந்துச்சு. அதான் விரிச்சேன்" என்றார் அந்த அம்மா, மெதுவாக.

கொல்லையில் எர்த் குழாயைச் சுற்றிக் கரிசல் மண் கை நுழைகிற அளவு வெடித்திருந்தது. குழாயோடு சேருகிற இடத்தில் கம்பி அறுந்து கிடந்தது. எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே கம்பிதான். பிரிட்ஜில் கசிந்து, மண்ணுக்குள் போக வழியில்லாத கரண்டு, அதன் வழியாகவே எங்கள் கிரைண்டர்களுக்கு வந்திருக்கிறது.

பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி வைத்தார்கள். புதுக் கம்பி இழுத்து, குழியில் தண்ணீர் ஊற்றி, எல்லா வீட்டுக்கும் கரண்டு கசிந்தால் தானாக அணைகிற ட்ரிப்பர் மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது.

"செருப்பைக் கழத்திட்டுத் தொடுங்கக்கா" என்றார் எலக்ட்ரீசியன், மெயினைப் போட்டுவிட்டு.

குழந்தையை இறக்கிவிட்டு, புறங்கையால் தொட்டேன். ஒன்றுமில்லை. உள்ளங்கையை வைத்தேன். அதற்குள் அவன் தவழ்ந்து வந்து, இரண்டு கையாலும் கிரைண்டரைப் பிடித்து எழுந்துவிட்டான். தடுக்கப் போன என் கை பாதியில் நின்றது.