அந்த நிருபரையும் ஒரு பேட்டி

ஒரு வாரமாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுகிறது. நடந்தால்... எங்கே போவதென்று தெரியவில்லை. "ஏனுங்க, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று பல்கலைக்கழக வாட்ச்மேனே கேட்டுவிட்டார்.

நான் நிருபர் வேலைக்கு லீவு போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். கோவையில் பத்திரிகையாளர்களுக்கான ஆய்வு ஃபெலோஷிப். இந்தப் பத்தியைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. தலைப்பு — தேர்தல் நேரத்தில் அரசியல்வாதிகளும் செய்தியாளர்களும். கேட்கவே கம்பீரமாக இல்லை?

இந்த ஃபெலோஷிப் கிடைத்ததே நான் எழுதிய ஒரு செய்தியால்தான். முன்பொரு தேர்தலில், ஒரு கட்சியில் சீட்டு கிடைக்கவிருந்த ஒருவர் புறம்போக்கு நிலத்தை வளைத்துப் போட்டதை எழுதினேன். சீட்டு போனது. தகவல் தந்தவர் அவருடைய டிரைவர் (இங்கே ஆளையும் ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன்). ஆசிரியர் கேட்டும் அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. விண்ணப்பத்தில் முதலில் வைத்ததும் அந்தச் செய்தியைத்தான்.

ஆய்வுக்காக, பெருந்துறைப் பக்கம் அதே கட்சியின் பிரமுகர் ஒருவரைப் பார்க்கப் போனேன். நான் நிருபராகப் போன காலத்தில், "பாத்துக்கலாமுங்க அம்மணி" என்பதைத் தாண்டி அவர் வாய் திறந்ததில்லை. பெயர் எங்கும் வராது என்று சொல்லி ரெக்கார்டரை வைத்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"இப்பத்தான் நீங்க பேப்பர்ல இல்லீங்களே, சொன்னா என்னங்க? அந்த டிரைவரை உங்ககிட்ட அனுப்புனதே நானுங்க."

இளநீரைக் கீழே வைத்தேன்.

"செய்தி பொய்யின்னு சொல்லலீங்க அம்மணி. அத்தனையும் நெசம். நேரம் மட்டும் நம்முளுதுங்க. சீட்டு முடிவாகற வாரமாப் பாத்து உட்டேன்."

"அதுக்கு ஏனுங்க என்னைப் புடிச்சீங்க?"

"ஆரு சொன்னாங்கன்னு நீங்க எங்கயும் வாயைத் தொறக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமுங்களே! உங்களுக்கும் நல்ல பேரு வந்துச்சுல்லீங்க?"

எனக்கு உபகாரம் செய்த திருப்தி அவர் முகத்தில். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வேறு வற்புறுத்தினார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கோபமே வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அன்று அந்தச் செய்திக்காகப் பத்திரத்தைச் சரிபார்த்தேன். கையெழுத்தைச் சரிபார்த்தேன். சர்வே எண்ணைக்கூடச் சரிபார்த்தேன். ஆனால், இது ஏன் இந்த வாரம் என் கைக்கு வருகிறது? அதை மட்டும் நான் கேட்கவே இல்லை. நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பேட்டியை டைப் செய்யும்போது அந்தப் பகுதியை நீக்கினேன். மறுபடி சேர்த்தேன். மறுபடி நீக்கினேன்... யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே! கடைசியில் சேர்த்தே விட்டேன். ஊரை எடுத்தேன், நிலத்தை எடுத்தேன். 'உங்ககிட்ட' என்று அவர் சொன்னதை மட்டும் 'ஒரு நிருபரிடம்' என்று மாற்றினேன். அடையாளம் தெரியக் கூடாது என்பது ஆய்வு விதி. எனக்கு எவ்வளவு வசதியான விதி!

படித்துவிட்டு என் கைடு மேடம் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"அருமைங்க! உங்க ஆய்வோட உயிரே இந்த இடந்தானுங்க. அந்த நிருபரையும் கண்டுபுடிச்சு ஒரு பேட்டி எடுத்துருங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு தெரியணுமில்லீங்களா?"

"பாத்துக்கலாமுங்க மேடம்" என்றேன்.

ஒரு வாரமாக முயற்சி செய்கிறேன்... அந்த அம்மணி பிடி கொடுக்கவே மாட்டேன் என்கிறார்.