குழாயின் இந்த முனையில்

எண்டோஸ்கோபி நர்சுகளுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், இரைப்பை மறக்காது. உங்களில் யாராவது அந்தக் கேமராக் குழாயை விழுங்கியிருந்தால் நாம் சொந்தக்காரர்கள்தான்: நீங்கள் அந்த முனை, நான் இந்த முனை.

வெறும் வயிறு

கொள்ளேகாலிலிருந்து வந்த பட்டு நெசவாளர் ஒருவருக்கு இரைப்பையில் சின்னக் கட்டி. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். "தண்ணிகூட குடிக்கலீங்க" என்று சத்தியம் செய்தார். கேமரா இறங்கியதும் திரையில் தெரிந்தது கட்டியல்ல, பச்சைப்பசேலென்று ஒரு கறிவேப்பிலை. டாக்டர் குழாயை வெளியே இழுத்துவிட்டு, வேறொரு நாள் வரச் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். மனிதர் உண்மையிலேயே புண்பட்டுப்போனார்.

"உப்புமாவெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியாங்க, சிஸ்டர்?"

தையல் எங்கே?

கோபிநத்தத்து மாதேஷுக்கு வாய் வழியாகவே கட்டியை எடுத்து முடித்திருந்தோம். அவர் மனைவி வார்டுக்குள் வந்ததும் கணவரின் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். புரட்டிப்போட்டு முதுகையும் பார்த்தார். குட்டி பாட்டிலில் மிதந்த கட்டியைக் காட்டி, கத்தியே வைக்கவில்லை என்று விளக்கினேன். அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் முகத்தில் கவலை.

"ரத்தம் குடுக்க ஊர்லருந்து வேன் புடிச்சு வந்து கீழ நிக்கிறாங்க. ஒரு தையலாச்சும் போட்டிருக்கக் கூடாதுங்களா?"

டீச்சரின் குரல்

ஸ்டெல்லா டீச்சருக்கு உணவுக்குழாயில் ஆரம்ப நிலைப் புற்று. சர்ச்சில் பாடுகிறவர். நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "மறுபடி பாட முடியுமா?" என்றுதான் எல்லோரிடமும் கேட்டார். கட்டி சாப்பாடு போகும் வழியில் இருக்கிறது, குரலுக்கு வேறு வழி என்றேன். நம்பவில்லை.

கட்டியை எடுத்து, மயக்கம் தெளிந்தபோது தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. இங்கே மைசூர் ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை பார்க்கும் அவர் கணவர் அருள், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். மயக்கத்துக்காக மூச்சு வழியில் போட்ட குழாயால் வந்த கரகரப்பு, சரியாகிவிடும் என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க வந்தார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது, ஓரங்களில் புற்று இல்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். அருளுக்கு மறுபடியும் அழுகை. டீச்சர், மைசூர் பெண்கள் கணவரைக் கூப்பிடும் அந்த 'ரீ' போட்டு, காரிடார் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்: "ரீ, எதுக்கு அழறீங்க? கர்சீஃப் எங்கே? அதையும் வீட்லயே விட்டுட்டு வந்தாச்சா?"

அருள் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா சிஸ்டர், பழைய குரலேதான்!"

வாயைத் திறக்க வைக்க எங்களிடம் எல்லா உபகரணமும் இருக்கிறது, திறந்த வாயை மூட வைக்கத்தான் இன்னும் எந்த கம்பெனியும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.