கீழிருந்து படித்த படக்கதை

என்னைக் கைது செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது ஆளின் புத்தி அவ்வளவுதான். செல்வி போனில் சொன்னது இதுவே: "அண்ணா, பஸ் டிப்போ ஆபீசரு ஜீப்புல வந்தாரு. படம் வரையக் கத்துக்குடுத்தவர நாளைக்கு வரச் சொன்னாரு."

இரண்டு லுங்கி, பிரஷர் மாத்திரை எடுத்து வைத்தேன். சிறையில் தலையணை தருவார்களா என்று மனைவியிடம் கேட்டேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

காலை 6.10, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் வளைவுக்கு ஒரு வாக்குமூலம் தயாரித்தேன். அடுத்த வளைவில் திருத்தினேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து, "வாந்தி வந்தா ஜன்னலாண்ட போங்க சார்" என்றார்.

போன மாதம் கல்வராயன் மலைப் பெண்களுக்குப் படக்கதை முகாம் நடத்தியிருந்தேன். நாலு படத்தில் ஒரு கதை; தொல்லை எங்கேயோ அங்கேயே ஒட்ட வேண்டும். செல்வியின் ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்பே பேருந்து திரும்பிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போதும் வண்டி வராவிட்டால் ஒன்பதாவது படிக்கும் மகளின் படிப்பை நிறுத்துவதாக அவள் கணவன் சொல்லிவிட்டான். செல்வி அதையே வரைந்தாள்: பேருந்து திரும்பிப் போகிறது, மகள் இருட்டில் நடக்கிறாள், பெண்கள் மனு கொடுக்கிறார்கள், பேருந்து ஊருக்கு வருகிறது. அந்த நாலு கிலோமீட்டர் வழிநெடுகப் பாலத்துச் சுவர்களில் ஒவ்வொரு படமாக ஒட்டியிருந்தார்கள்.

8.40. பேருந்து திரும்பும் இடத்தில் ஆபீசரும் செல்வியும் நின்றார்கள்.

"இந்த ஊருக்கு வுட்டுக்கினு இருந்த பஸ்ஸ எந்த வருஷம் நிறுத்தினாங்க?" என்றார் ஆபீசர்.

எதற்கென்று தெரியாமலே குற்றத்தை ஒப்புக்கொள்ள வாய் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"சார் கீழேருந்து படிச்சிக்கினே வந்துட்டாருண்ணா. நாங்க மேலேருந்து நடந்து எறங்குற ஆளுங்க. ஊராண்ட மொதப் படம், இங்க நாலாவது."

கீழிருந்து வந்தவருக்கு ஓடிய பேருந்து கடைசியில் நின்றுபோன கதையாகிவிட்டது.

"நிறுத்தின வண்டின்னா நானே திரும்ப வுட்ருவேன்" என்றார் அவர். "புது ரூட்டுன்னா மேல ஆபீசுக்கு எழுதணும்."

ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. செல்வி வேண்டாமென்று தலையாட்டினாள். "பஸ்ஸே வந்ததில்ல சார். பொய் சொல்லி வாங்குனா தெரிஞ்சதும் புடுங்கிக்குவீங்க. வாங்க, மேலேருந்து படிக்கலாம்."

ஜீப்பில் மேலே போய், நடந்து இறங்கினோம். லுங்கிப் பையோடு நான் கடைசி ஆள். இரண்டாவது படத்தின் முன் ஆபீசர் நின்றார்.

"எத்தினி மணிக்குக் கெளம்புது பொண்ணு?"

"அஞ்சரைக்கு சார்."

அவர் மேலே எழுதினார். ஜூனில் காலை வண்டி மட்டும் ஊருக்கு வந்தது. செல்வியின் மகள் பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் நாலு கிலோமீட்டரும் நடந்துதான் ஏறுகிறாள்.