கறுப்பு அடித்த பச்சைக் கார்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, மொன்றியலில் பனி கரையத் தொடங்கியிருந்த ஓர் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அம்மா, அப்பா, அக்காவுடன் இருந்தேன். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாகியும் என்னிடம் கார் இல்லை.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் முதல் காராக எண்ணெய் அதிகம் குடிக்காத சின்னக் கார் ஒன்றைத்தான் வாங்குவார்கள். எனக்கோ பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றின் மேல்தான் கண். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின். ஓடுகிற நிலையில் அப்படி ஒன்றை வாங்க என்னால் முடியாது. ஓடாத ஒன்றை வாங்கி நானே திருத்தி எடுப்பதென்று முடிவு செய்து, மாதக்கணக்காக இணையத்தில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமைதான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒன்று இருப்பதாகத் தெரிந்து போனேன்.

பதினேழு வயதில் இங்கே வந்தவன் நான். என் பிரெஞ்சு கடைக்குப் போய்வரத்தான் காணும். அக்கா கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள், பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள். அவளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கதவைத் திறந்தவர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சு அம்மையார். சுவரைத் தடவியபடி முன்னால் நடந்து கராஜைத் திறந்தார். உள்ளே, கடும் பச்சை நிறத்தில், தூசு படிந்து நின்றது கார். முன்னால் தனித்தனிச் சீட் இல்லை. சோபாபோல ஒரே நீளச் சீட்.

உங்கள் கணவருடைய காரா என்று அக்காவைக் கேட்கச் சொன்னேன். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். தன்னுடையதாம். இருபத்து மூன்று வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்து வாங்கிய முதல் காராம். கணவர் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு ஓட்டக் கொடுத்ததே இல்லையாம். இப்போது கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதால் லைசென்சும் போய்விட்டது. கார் எட்டு வருடங்களாக அசையவில்லை.

எனக்கு முன்னர் பலர் வந்து கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் வியாபாரிகள். அவர்களுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. என் முகத்துக்கு வெகு கிட்டே வந்து, "முதல் காரா?" என்று கேட்டார். ஆமென்று "வுய்" சொன்னேன். உடனே அக்காவிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"தம்பி, உனக்குத் தாறாவாம்," என்றாள் அக்கா. "ஆனா இதை ஒண்டும் மாத்தக் கூடாதாம். இருக்கிற மாதிரியே திருத்தி எடுக்கட்டாம். ஓடத் தொடங்கினாப் பிறகு ஒருக்கா வந்து தன்னையும் ஏத்திக்கொண்டு ஒரு சுத்துச் சுத்தவேணுமாம். ஓமோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லக்கா."

"யோசிச்சுச் சொல்லடா. வயசு போன மனிசி."

"ஓம் எண்டு சொல்லு!"

அக்கா சொன்னாள். அம்மையார் என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

சென்ட் லோரன்டில் என் நண்பன் ஒருவன் பாதிக் களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே ஒரு மூலையில் காரைக் கட்டியிழுத்து வந்து நிறுத்தினேன். உண்மையைச் சொல்வதானால், முதல் குளிர்காலம் முழுவதும் நான் வாக்குத் தவறவில்லை. பனிக்குத் தெருவில் கொட்டுகிற உப்பு தின்றிருந்த அடித்தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டினேன். எஞ்சின் சுழல முடியாமல் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டு, தினமும் வேலை முடிந்து வந்து நீளக் கம்பியால் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். பத்தாம் நாள் அது ஒரு விரலளவு நகர்ந்தது. தனியாக நின்று கத்தினேன்.

ஆனால் பழைய சாமான்கள் கிடைப்பது லேசில்லை. ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. என் நண்பனுக்குப் பொறுமை இல்லை.

"மச்சான், விசரே உனக்கு? உந்தப் பழசைத் திருத்தி ஆருக்குக் காட்டப் போறாய்? புது எஞ்சினைத் தூக்கி வை. கறுப்பு அடிப்பம். பாக்கிறவன் வாயைப் பிளக்கவேணும்."

"அந்த மனிசிக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அவ என்ன வந்து பாக்கவோ போறா?"

நண்பனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வாக்குக் கொடுத்தவன் நான்.

முதலில் சக்கரச் சில்லுகளை மட்டும் மாற்றினேன். அகலச் சில்லு வைத்தபின் பழைய சீட் பொருத்தமில்லாததாகத் தெரிந்தது. பந்தயக் காருக்குரிய இரண்டு தனிச் சீட்டுகள் வந்தன. அந்த நீளச் சீட்டை ஒரு பனி நாளில் குப்பை எடுக்கிறவர்களுக்காகத் தெருவோரத்தில் வைத்தேன். பிறகு கண்ணாடி இறக்க மின்சாரப் பொத்தான். அதன்பின் புது எஞ்சின். பத்து நாள் பாடுபட்டு அசைய வைத்த அந்த எஞ்சினைப் பந்தயம் ஓடுகிற ஒருவருக்கு விற்றேன். கடைசியாகப் பெயின்ட். பச்சையின் மேல் பளபளப்பில்லாத கறுப்பு ஏறியபோது, உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. மறுநாள் ஸ்டார்ட் பண்ணிய சத்தத்தில் அதுவும் போய்விட்டது.

இந்த இரண்டு வருடமும் அம்மையார் அவ்வப்போது போன் எடுத்தார். நம்பரைப் பார்த்ததும் நான் எடுக்கமாட்டேன். குரல் பதிவில், எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவசரமில்லை, மெதுவாகச் செய் என்பார். நான் பாதியில் அழித்துவிடுவேன்.

கார் ஓடத் தொடங்கிய அந்தக் கோடையில் நான் ராஜா. கல்யாண மண்டபத்துக்குப் போனால், உள்ளே இருந்த இளம் பெடியள் எல்லாரும் வெளியே வந்து காரைச் சுற்றி நிற்பார்கள். பிறகு ஒக்டோபரில் அம்மையாரிடமிருந்து வந்த ஒரு குரல் பதிவை அக்கா தற்செயலாகக் கேட்டுவிட்டாள்.

"டேய், மனிசி குளிர் தொடங்க முன்னம் மருமகளோட இருக்கப் போறாவாம். தூரமாம். போக முன்னம் ஒருக்கா அந்தக் காரில ஏறவேணுமாம். கண்ணும் சரியாக் குறைஞ்சிட்டுதாம், வெளிச்சம் மட்டும்தான் தெரியுதாம். இன்னும் போகேல்லையோ நீ?"

வருவதாக அக்கா போனில் சொல்லிவிட, அடுத்த ஞாயிறு அவளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் நான் சொன்னதை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

"நல்ல காலம் அக்கா. நிறம் மாறினது அவவுக்குத் தெரியவராது."

"அவவுக்குக் கண் தெரியாதது உனக்கு நல்ல காலமோ?" என்றாள்.

வாசலில் அவர் கோட்டும் தொப்பியும் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, ஆயத்தமாக நின்றார். கார் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. நான் காரைக் கிட்டே கொண்டுவர வர, அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அக்காவிடம் ஏதோ கேட்டார்.

"சத்தம் வேறையாக் கிடக்காம். இது தன்ர கார்தானோ எண்டு கேக்கிறா."

"எஞ்சினைத் திருத்தினபடியால் சத்தம் மாறிட்டுது எண்டு சொல்லு."

"சொல்லமாட்டன்," என்றாள் அக்கா தமிழில், முகத்தில் சிரிப்பை மாற்றாமல். "அண்டைக்கு ஓம் எண்டு சொன்னதும் என்ர வாய். இந்தப் பொய்யை நீயே சொல்லு."

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அதுதான். அக்கா அதை எனக்காகத் திறந்துவிட்டிருந்தாள். நான் என் அரைகுறைப் பிரெஞ்சில், "அதே கார்தான், மதாம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். கைபிடித்து ஏற்றினேன். தனிச் சீட்டின் விளிம்பு அவர் தொடையில் இடித்தது. ஏரிக்கரை வீதியால் ஓட்டினேன். மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன, வெயில் நன்றாக இருந்தது. சிறிது தூரம் போனதும் அவருடைய வலக்கை கதவின் மேல் போனது. கண்ணாடியை இறக்கச் சுற்றுகிற பழைய கைப்பிடியைத் தேடுகிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவ்வளவு வருடம் அந்த இடத்திலேயே இருந்த கைப்பிடி. கை மேலே போனது, கீழே வந்தது, முன்னால் போனது. கதவுக்குப் போட்ட வழுவழுப்பான தோலுறையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் பக்கப் பொத்தானை அழுத்தினேன். அவர் பக்கக் கண்ணாடி தானாக இறங்கியது.

அவர் சுட்டுக்கொண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து வைத்தார். நான் காரைத் திருப்பி அவருடைய வீட்டுக்கு ஓட்டினேன்.

இறங்கியதும் எனக்கு "மெர்சி" என்று நன்றி சொன்னார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் மெல்லிய குரலில் பேசினார். கோபமாகத் தெரியவில்லை. கதவு மூடியது.

நெடுஞ்சாலைக்கு ஏறினோம். நான்தான் கேட்டேன்.

"என்னக்கா சொன்னவ?"

"அந்தக் கார் வரேக்க வெள்ளையாம். வாங்கின முதல் வருசமே, தகப்பன் கத்தக் கத்தப் பச்சை அடிச்சவவாம். இளம் ஆக்கள் அப்பிடித்தான் செய்வினமாம். 'மாத்திப்போட்டன் எண்டு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பன், என்னென்ன செய்தவன் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டிருப்பன். ஏன் எனக்குப் பொய் சொன்னவன்?' எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்குத் தெரியாது எண்டன்."

அடுத்த வாரமே எஞ்சினைத் தேடிப் போனேன். வாங்கியவர் அதைப் பந்தயத்தில் வெடிக்க வைத்து இரும்புக்குப் போட்டுவிட்டாராம். அதன்பின் மன்னிப்புக் கேட்பதற்காக நான்கு வரிப் பிரெஞ்சை அக்காவிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தேன். எழுதிக் கொடுக்கும்போது அவள், "போனில வேண்டாம், நேரில போய்ச் சொல்லு," என்றாள். நேரில்தான் போவதாக இருந்தேன். ஒரு ஞாயிறு ஓவர்டைம் வந்தது. அடுத்த ஞாயிறு பனி. அதற்கடுத்த ஞாயிறு தயக்கம். போனபோது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. மருமகளின் ஊர் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவருடைய பழைய போன் நம்பரும் வேலை செய்யவில்லை. அந்த நான்கு வரிகளையும் நான் எவரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காரை மறு வருடமே விற்றுவிட்டேன். வாங்க வந்தவரிடம் என்னென்ன மாற்றினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இப்போது எல்லாரையும்போல ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார்தான் ஓட்டுகிறேன். காரை மாற்றியதைக்கூட இளம் வயதுப் புத்தி என்று ஒருவாறு மனதை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு மனிதருடைய கண் பார்வை போனதை என் பொய்க்கு வசதி என்று நினைத்து, அந்தச் சாலையில் கொஞ்ச நேரம் நான் நிம்மதியாகக் காரோட்டினேன் அல்லவா, அதற்கு இன்றுவரை என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.