பினாங்கிலிருந்து வந்த சீர்திருத்தம்

என் தாய்மாமா பல வருடம் பினாங்கில் கடை வைத்திருந்தார். அங்கே மலாய்க்காரர்கள் இளைய கூட்டம், பழைய கூட்டம் என்று பிரிந்து கிடந்தார்களாம். குர்ஆனிலும் ஹதீஸிலும் இல்லாத சடங்குகளை விடவேண்டும் என்றது இளைய கூட்டம். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்தது. மாமா அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் அவர் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினார். எங்கள் வீட்டில் நபியைப் புகழ்ந்து பாடி விருந்து வைக்கும் மவ்லிது நின்றது, இறந்தவர்களுக்கு ஓதும் நாற்பதாம் நாள் பாத்திஹா நின்றது, கையில் கட்டிய தாயத்துகளும் அவிழ்ந்தன. அம்மாவுக்கு வருத்தம். எனக்குச் சம்மதம்தான், அவர் பேச்சில் ஓர் ஒழுங்கு இருந்தது.

அதை நம்பித்தான் கேட்டேன். பாலிடெக்னிக்கில் வரைபடப் பயிற்சி முடித்த எனக்கு ஆலுவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். அத்தா இறந்தபின் வீட்டில் மாமா சொல்வதுதான் முடிவு.

“வேண்டாம் மோளே,” என்றார்.

“பொண்ணு வேலைக்குப் போகக்கூடாதுன்னு குர்ஆன்ல எங்க மாமா இருக்கு?”

“அதுல இல்ல. இது நம்ம குடும்பத்து வழக்கம்.”

சாயாவோடு வந்த அம்மா அப்படியே நின்றார். “வழக்கம்னா பின்ன மவ்லிதும் ஓதலாமேண்ணா? நெய்ச்சோறு நான் ஆக்குறேன்.”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

அதன்பின் இருவரும் மவ்லிதைப் பற்றியே சண்டை போட்டார்கள். சாயா ஆறிப்போனது. நடுவில் ஆலுவாவை நினைவூட்டினேன்.

“சும்மா இரு, பெரியவங்க பேசுறோம்ல,” என்றார் அம்மா.

திங்கட்கிழமை வந்தபோதும் மவ்லிது விஷயம் முடிவாகவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன்.